புட்டிக்குட்டி குடிக்கவில்லையா, கழிகிறதா, உப்பிவிட்டதா? பாலை வைப்பதிலும் சூடாக்குவதிலும் வரும் கோளாறுகள்

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் எங்களுக்கு 30 கன்னி இன ஆடுகள். பாதிக்குமேல் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் குட்டி போடும். இரட்டைக்குட்டி சாதாரணம். மூன்று விழுந்தால், மடிக்கு முண்ட முடியாத மூன்றாவது சவலையாகிவிடும். தலைச்சன் ஈன்ற இளம் ஆடு சில நேரம் சொந்தக் குட்டியையே முட்டித் தள்ளும். ஆக, ஒவ்வொரு மழைக்கும் இரண்டு மூன்று குட்டிகள் புட்டிப்பாலில் வளரத் திண்ணைக்கு வந்துவிடும், ஃபிரிட்ஜில் ஒரு தட்டு அவற்றின் பாலுக்கென்று ஒதுங்கிவிடும்.

ஆரம்ப வருடங்களில் நிறைய குட்டிகளை இழந்தேன். பெரும்பாலும் பால் கெட்ட பாலாக இல்லை. அதை வைத்த விதமும் சூடாக்கிய விதமும், பசியில் கத்துகிறதே என்று நான் பட்ட அவசரமும்தான் கெடுத்தன. திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கோளாறானாலும் முதல் இரண்டு வேலை ஒன்றுதான். சுத்தமான விரலை குட்டியின் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். பிறகு மனிதருக்கு வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் சரி. அந்த எண் தெரியாமல் புட்டியைக் கையில் எடுக்காதீர்கள். (ஆட்டுக்கென்று ஒரு தெர்மாமீட்டரைத் தனியாக வைத்து, சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை மாறிப்போனது, அதற்குமேல் சொல்ல வேண்டாம்.)

## வாய் சில்லென்று இருக்கிறது, சப்பவில்லை

இது பசி இல்லை, குளிர். இந்த நிலையில் பால் கொடுப்பதுதான் நான் செய்த பெரிய தப்பு. உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. ஊற்றிய பால் வயிற்றில் அப்படியே கிடந்து புளிக்கும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குப் போகும்.

99-க்கு மேல், 101.5-க்குக் கீழே காட்டினால்: குட்டியைத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். காதும் காலும் முக்கியம். சாக்கில் சுற்றி, வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டில்களை இரண்டு பக்கமும் வையுங்கள். தலையைத் தூக்கி விரலைச் சப்பத் தொடங்கியதும் சீம்பால் கொடுக்கலாம்.

99-க்குக் கீழே, பிறந்து 5 மணி நேரம் ஆகவில்லை: முதலில் சூடு, பிறகுதான் பால். 100-ஐத் தாண்டும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அட்டைப் பெட்டிக்குள் வைத்து மேலே பல்பு போடுபவர்கள் கவனிக்க: எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் மட்டும்தான் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்பு வேண்டும். வைக்கோலில் இருந்து 2 அடியாவது தள்ளித் தொங்கவிடுங்கள், தீப்பிடிக்கும்.

99-க்குக் கீழே, பிறந்து 5 மணி நேரம் தாண்டிவிட்டது, தலை நிற்கவில்லை: இங்கே வீட்டு வைத்தியம் முடிந்தது. உடம்பில் இருந்த சர்க்கரையெல்லாம் தீர்ந்திருக்கும். அப்படியே சூடுபடுத்தினால் வலிப்பு வந்து போய்விடும். முதலில் வயிற்றுக்குள் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும், அது கால்நடை மருத்துவர் வேலை. அவர் வரும்வரை ஈறில் குளுக்கோஸோ வெல்லக் கரைசலோ தடவலாம். தடவத்தான், ஊற்றக் கூடாது.

தெர்மாமீட்டர் எண்ணே காட்டாமல் எல் ஓ என்று இரண்டு எழுத்து காட்டினால் அது கெட்டுப்போகவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் குட்டி குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

## வாய் கதகதப்பாக இருக்கிறது, ஆனால் புட்டியைத் தள்ளுகிறது

காரணங்களை எளிதானதிலிருந்து பாருங்கள்.

பால் ஆறிவிட்டதா? அதிகம் நடப்பது இதுதான். குடிக்கும்போது பால் 38, 39 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சுடாது, குளிராது, இருப்பதே தெரியாது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த புட்டியின் வெளிப்பக்கம் சீக்கிரம் சூடாகிவிடும், நடுவில் பால் குளிர்ந்தே இருக்கும். தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். நன்றாகச் சுழற்றிவிட்டுப் பிறகு சொட்டு விட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் இரண்டு மூன்று குட்டிகளுக்கு ஒரே புட்டியில் கொடுத்தால், கடைசிக் குட்டிக்குப் போகும் பால் ஆறித்தான் இருக்கும். பக்கத்தில் வெந்நீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நிப்பிள் ஓட்டை? புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். விழவே இல்லையென்றால் குட்டி நான்கு இழுப்பு இழுத்துவிட்டு அலுத்துப்போகும். சுட்ட ஊசியால் இன்னொரு துளை போடுங்கள். ஒழுகினால் நிப்பிளை மாற்றுங்கள், அந்த ஓட்டையைச் சின்னதாக்க முடியாது.

வாடை? நிப்பிளை முகர்ந்து பாருங்கள். புளிப்போ சோப்போ அடித்தால் அதுதான். கழுவும் வரிசை முக்கியம்: முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு சோப்பும் பிரஷும், கடைசியில் கொதிநீர். நேராகக் கொதிநீர் ஊற்றினால் பால் படிந்து ஏடு போல ஒட்டிக்கொள்ளும், அந்த ஏட்டுக்கு அடியில் கிருமி குடியிருக்கும். கழுவியதைக் கவிழ்த்துக் காயவையுங்கள்.

தாய்மடி கண்ட குட்டியா? இரண்டு மூன்று நாள் தாயிடம் குடித்துவிட்டு வந்த குட்டி ரப்பரை ஏற்காது. அதைத் தொடையிடுக்கில் நிறுத்தி, கையால் கண்ணை மறைத்து, வாலடியைச் சொறிந்துகொண்டே புட்டியைக் கொடுங்கள். தாய் ஆடு குட்டியின் வாலடியை மோந்து நக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். அடுத்த வேளைக்கு அரை மணி தள்ளிப்போனாலும் பரவாயில்லை, பசி சொல்லிக்கொடுக்கும்.

இத்தனையும் பார்த்தும் இரண்டு வேளை தொடர்ந்து குடிக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் நாள் குட்டியென்றால் ஒரு வேளைகூடத் தாமதிக்காதீர்கள். சீம்பாலின் எதிர்ப்புச் சத்தைக் குடல் உறிஞ்சுவது முதல் 24 மணி நேரத்துக்குத்தான், அதிலும் முதல் சில மணி நேரமே பலமான நேரம். 2 கிலோ குட்டிக்கு அந்த ஒரு நாளில் 200 மில்லி உள்ளே போயிருக்க வேண்டும், நான்கைந்து தடவையாக.

## சூடாக்கும்போது பாலே மாறிவிட்டது

### சீம்பால் கட்டியாகிவிட்டது

கெட்டுப்போகவில்லை, வெந்துபோனது. சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு சீம்பாலை ஆவியில் வைத்தால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டியின் சீம்பாலை அடுப்பில் வைத்தாலும் அதுவேதான் ஆகும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே எதிர்ப்புச் சத்து போகத் தொடங்கும். கட்டியானதைத் தண்ணீர் விட்டு அடித்துக் கொடுக்காதீர்கள், பயனில்லை. மைக்ரோவேவில் வைத்தால் ஓரத்தில் வெந்து நடுவில் பனிக்கட்டி நிற்கும். அதுவும் வேண்டாம்.

சரியான வழி: கொதிக்கும் தண்ணீர் ஒரு டம்ளருக்குக் குழாய்த் தண்ணீர் இரண்டு டம்ளர். கலந்தால் ஏறக்குறைய 50 டிகிரி வரும், கை வைத்தால் பொறுக்கும் ஆனால் நெடுநேரம் வைக்க முடியாது. அதில் புட்டியை நிறுத்திச் சுழற்றிக்கொண்டே இருங்கள். ஃபிரிட்ஜ் பாலென்றால் தண்ணீரை ஒரு தடவை மாற்ற வேண்டிவரலாம். உறைந்த சீம்பாலென்றால் இரண்டு மூன்று தடவை. பொறுமை இல்லாதவர்கள் முதல் நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி உருகவிடுங்கள். எந்த ஆடு எந்த ராத்திரி ஈனும் என்று யாருக்குத் தெரியும் என்பீர்கள், நியாயம்தான். அதனால்தான் 50 மில்லி பொட்டலமாக உறையவைக்கச் சொல்கிறேன், தட்டையாகப் படுக்கவைத்து உறையவைத்தால் பத்து நிமிடத்தில் இளகிவிடும்.

ஆட்டுச் சீம்பாலே கையிருப்பில் இல்லையா? மாட்டுச் சீம்பாலும் உதவும். பக்கத்து வீட்டில் கன்று போட்டிருந்தால் கேளுங்கள், பச்சையாகக் கேளுங்கள். ஒருமுறை நான் கேட்டதற்கு அந்த அக்கா ஆசையாக வெல்லம் போட்டு வேகவைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து தந்தார்கள்.

### சாதாரணப் பால் திரிகிறது

ஈன்று நான்கைந்து நாளுக்குள் கறந்த பாலென்றால் கொதித்தால் திரியத்தான் செய்யும், சீம்பால் சாயல் இன்னும் இருக்கும். அதற்குப் பிறகு கறந்தது திரிந்தால் புளித்துவிட்டது, கொட்டிவிடுங்கள். கறந்த பால் எங்கள் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே நிற்கக் கூடாது. கறந்ததும் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி ஆற்றிவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெதுவெதுப்பாக உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும், அதற்குள் புளிப்பு தொடங்கிவிடும்.

தினமும் திரிகிறதா? அப்படியானால் மடியைப் பாருங்கள். முதல் பீய்ச்சலைக் கருப்புத் துணியில் விட்டால் துணுக்குகள் தெரியும். தெரிந்தால் மடிநோய். அந்தப் பாலை எந்தக் குட்டிக்கும் கொடுக்காதீர்கள். ஆட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

### உறைந்து உருகிய பாலில் மேலே துணுக்கு மிதக்கிறது

கொழுப்பு பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். முகர்ந்து பாருங்கள், புளிப்பு இல்லையென்றால் கலக்கிவிட்டுக் கொடுக்கலாம்.

## கரண்ட் போய் வந்தது, பாலைக் கொடுக்கலாமா?

ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் நின்றால் பச்சைப் பால் இரண்டு நாள் தாங்கும். பால் இருக்கும் இடம் கதவுத் தட்டாக இருந்தால் அவ்வளவு தாங்காது, திறக்கும்போதெல்லாம் சூடு படும் இடம் அது. உள்ளே, பின்பக்கம் வையுங்கள்.

கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் நான்கு மணி நேர மின்வெட்டு வரை பயமில்லை. அதற்குமேல் போனால் கீழ்த்தட்டுப் பாலைச் சந்தேகப்படுங்கள். ஃப்ரீசரில் உள்ள சீம்பாலுக்கு என் சோதனை: ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்திருக்கிறேன். வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் எதுவும் உருகவில்லை. கிண்ணத்தின் அடியில் கிடந்தால், நான் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தச் சீம்பாலைக் கொட்டிவிடுவேன். மனசு வராதுதான்.

ஒருதடவை சூடாக்கி மீந்த பாலை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த வேளைக்குச் சூடாக்காதீர்கள். குட்டி வாய் வைத்த புட்டியென்றால் கேட்கவே வேண்டாம். நாய்க்கு ஊற்றுங்கள்.

## புரையேறுகிறது, மூக்கில் பால் வருகிறது

உடனே நிறுத்துங்கள். தலையைத் தாழ்த்திப் பிடித்து மூக்கைத் துடைத்துவிடுங்கள்.

முதல் சந்தேகம் பிடித்த விதம். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுக் கொடுக்கக் கூடாது. குட்டி நாலு காலில் நிற்க வேண்டும், கழுத்து மேல்நோக்கி நீண்டிருக்க வேண்டும், மடியில் குடிப்பது போல. அடுத்தது நிப்பிள் ஓட்டை, மேலே சொன்னதுதான். மூன்றாவது, பாலாடை, சங்கு, மூங்கில் கொட்டம் இவற்றால் வாயில் ஊற்றிப் புகட்டுவது. எங்கள் ஆச்சி காலத்துப் பழக்கம், ஆச்சிக்குக் கை பழகியிருந்தது. எனக்குப் பழகவில்லை, நான் புகட்டிய இரண்டு குட்டி நிமோனியாவில் போயின. சப்பத் தெரியாத குட்டிக்குப் புகட்டாதீர்கள். குழாய் போட்டு நேராக வயிற்றுக்குக் கொடுக்க மருத்துவரிடம் ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள், அதுவரை அவரையே போடச் சொல்லுங்கள்.

புரையேறிய குட்டியை மூன்று நாள் கண்காணியுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, இருமினாலோ, சூடு 104-ஐத் தாண்டினாலோ அன்றே மருத்துவர். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் அந்தக் குட்டி பெரும்பாலும் திரும்பாது.

## கழிச்சல்

முதலில் எது கழிச்சல் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். முதல் நாள் தார் மாதிரி கருப்பாகப் போவது பிறந்த மலம். அதன்பிறகு மஞ்சளாகப் பசை போல வருவதும் சரிதான். அது வாலோடு காய்ந்து ஆசனவாயை அடைத்துக்கொண்டால் வெந்நீர்த் துணியால் ஊறவைத்து எடுத்து, எண்ணெய் தடவிவிடுங்கள். ஒரு நாளாகியும் எதுவும் வராத குட்டிக்கு வாலைத் தூக்கி ஓட்டை இருக்கிறதா என்றே பாருங்கள். ஆசனவாய் இல்லாமல் பிறப்பவையும் உண்டு, அதற்கு மருத்துவர்தான்.

தண்ணீராக, வெள்ளையாக அல்லது மஞ்சளாக. குட்டி சுறுசுறுப்பாகவே இருக்கிறது. நேற்று என்ன மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். ஆட்டுப் பாலில் இருந்து பாக்கெட் பாலுக்கு ஒரே நாளில் தாவினால் இப்படித்தான் ஆகும். மூன்று நான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். பாக்கெட்டில் கொழுப்பு அளவு அச்சிட்டிருப்பார்கள். 3 சதவீதப் பாலைவிட 4.5 சதவீதப் பால் ஆட்டுப் பாலுக்கு நெருக்கம். "மாட்டுப் பால் கனம், தண்ணீர் கலந்து கொடு" என்பார்கள் ஊரில். கலக்காதீர்கள். குட்டிக்குச் சத்து குறைந்து, வயிறு மட்டும் நிறையும்.

அளவும் காரணமாகலாம். முதல் வாரம் உடல் எடையில் 15 சதவீதம் ஒரு நாளைக்குப் போதும். 2 கிலோ குட்டிக்கு 300 மில்லி, அதை ஐந்தாகப் பிரித்தால் வேளைக்கு 60. கத்துகிறதே என்று நூறு கொடுத்தால் ராத்திரி திண்ணையை நீங்கள்தான் கழுவ வேண்டும். எடைக்குத் தொங்குதராசு போதும், குட்டியைப் பையில் போட்டுத் தொங்கவிடலாம்.

செய்ய வேண்டியது: ஒரு வேளை பாலை நிறுத்தி, கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, பால் கொடுக்கும் அதே சூட்டில் கொடுங்கள். பிறகு பாலும் கரைசலும் மாறி மாறி. இரண்டையும் ஒரே புட்டியில் கலக்காதீர்கள், பால் வயிற்றில் சரியாக உறையாது. ஒரு நாளுக்குமேல் பாலை முழுக்க நிறுத்தவும் வேண்டாம்.

சோர்ந்துவிட்டது, கண் உள்ளே போயிருக்கிறது. கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். இரண்டு விநாடிக்குமேல் மடிப்பு அப்படியே நின்றால் நீர் வற்றிவிட்டது. வாய்வழிக் கரைசல் போதாது, ஊசி வழி ஏற்ற வேண்டும். மருத்துவர்.

மூன்று வாரம் தாண்டிய குட்டி, கழிச்சலில் ரத்தம் அல்லது சளி. பாலைக் குறை சொல்லாதீர்கள். குடல் ஒட்டுண்ணியால் வரும் ரத்தக் கழிச்சல் நோயாக இருக்கலாம், ஈரக் கொட்டிலில் பரவும். புழுக்கையை டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், பரிசோதித்து மருந்து தருவார்கள். கொட்டிலைக் காயவைக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமும் போவீர்கள்.

## குடித்து ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிவிட்டது

நிறைந்த வயிறும் உப்பிய வயிறும் வேறு. குடித்து முடித்த குட்டியின் வயிறு பக்கவாட்டில் நேராக இருக்க வேண்டும், விலாவுக்கு வெளியே பிதுங்கக் கூடாது. விரலால் சுண்டிப் பாருங்கள்.

மெத்தென்று இருந்து, குட்டி நடக்கிறது என்றால் அதிகம் குடித்திருக்கிறது. அடுத்த வேளையைத் தவிருங்கள், நடக்கவிடுங்கள், வயிற்றை மெல்லத் தடவிவிடுங்கள். நாளையிலிருந்து வேளைகளைக் கூட்டி அளவைக் குறையுங்கள். காலை ஒன்று, மாலை ஒன்று என்று பெரிய புட்டியாகக் கொடுக்கும் வீடுகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை என்பது தெரியும். அப்படியானால் புட்டிக்குட்டி வளர்ப்பது உங்களுக்குச் சரிவராது, பகலில் வீட்டில் ஆள் இருக்கும் இடத்தில் விடுங்கள்.

பறை மாதிரி டங்கென்று சத்தம், பல்லைக் கடிக்கிறது, முனகுகிறது, வயிற்றை உதைக்கிறது என்றால் மணிக்கணக்கில்கூட நேரம் இல்லை. எண்ணெய் புகட்டிப் பார்க்கலாம் என்று நிற்காதீர்கள், விழுங்க முடியாத குட்டிக்கு அது புரையில் போகும். தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தாய்க்குத் துள்ளுமாரி (குடலில் நஞ்சேறும் நோய்) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார், பதிலைத் தெரிந்து வைத்திருங்கள்.

## நேற்றுவரை துள்ளியது, இன்று ஈரத்துணி மாதிரி தொய்ந்து கிடக்கிறது

3 முதல் 10 நாள் குட்டிகளில் வரும். கழிச்சல் இருக்காது, தெர்மாமீட்டர் சரியாகவே காட்டும், ஆனால் கால் நிற்காது. நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த, கொழுகொழு குட்டிக்குத்தான் பெரும்பாலும் வரும் என்பதால் யாரும் பாலைச் சந்தேகப்பட மாட்டார்கள். ரத்தத்தில் புளிப்பு ஏறிய நிலை இது. பாலை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். சோடா உப்பு கொடுக்கச் சொல்வார், எவ்வளவு என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சீக்கிரம் கவனித்தால் ஓரிரு நாளில் எழுந்துவிடும்.

## மருத்துவரைக் கூப்பிடும்போது

பக்கத்தில் மருந்தகம் இல்லாவிட்டால் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்வார்கள், கட்டணமில்லா எண். "குட்டி ஒரு மாதிரி இருக்குங்க" என்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. குட்டியின் வயது, எடை, கடைசியாக எடுத்த சூடு, சீம்பால் எப்போது எவ்வளவு குடித்தது, கடைசி வேளை என்ன பால், எத்தனை மில்லி. இவற்றை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய காலண்டர் தாளில் அன்றன்றைக்கே எழுதிவிடுகிறோம். எங்கள் வீட்டில் அந்த வேலை மகளுடையது. 5 மில்லி கூடக் கொடுத்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.